‘சொந்தக் காரணங்களால்…’: பணியிட முறையீடு கடந்துவந்த பாதை

பணிவிலகல் கடிதங்களில் நாம் அடிக்கடி காணும் தொடர் ஒன்றுண்டு: ‘சொந்தக் காரணங்களால்’. எழுதுபவர்க்கும் பெறுபவர்க்கும் அது வசதியான தொடர். எழுதுபவர் எதையும் விளக்க வேண்டியதில்லை. பெறுபவர் எதையும் கேட்க வேண்டியதில்லை. திருமணம், மகப்பேறு, பெற்றோரின் உடல்நலம் என எத்தனையோ உண்மையான காரணங்கள் அத்தொடருக்குள் அடங்கும். ஆனால் அலுவலகத்துக்குள்ளேயே பிறந்து அலுவலகத்துக்குள்ளேயே மறைக்கப்பட்ட காரணங்களும் அதற்குள் கிடக்கின்றன. மேலதிகாரியின் அத்துமீறல், சாதி குறித்த ஏளனம், பெண் என்பதால் மறுக்கப்பட்ட பதவி உயர்வு முதலியவை எல்லாம் கோப்பில் ஏறும்போது ஒருவரின் சொந்த விவகாரமாக உருமாறி விடுகின்றன.

இவ்வாறு சொந்தம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்று பொதுக் காரணமாக, நீதிக்கு உரிய பொருளாக, எவ்வாறு மாறிற்று என்பதே இக்கட்டுரையில் நாம் காண விழைவது. சட்டநூல்களில் இது சில பிரிவுகளாகச் சுருங்கி நிற்கிறது. அப்பிரிவுகளைப் பின்னோக்கிப் படித்துச் சென்றால் ஒவ்வொன்றின் அடியிலும் முறையிடத் துணிந்த ஒரு பெண்ணின் வாழ்வு இருப்பதைக் காணலாம்.

முறையும் முறையீடும்

‘முறை’ என்னும் சொல்லுக்குத் தமிழில் ஒழுங்கு, நீதி, உறவு எனப் பல பொருள்கள் உண்டு. முறையிடுதல் என்பது, தவறிய ஒழுங்கை மீட்டுத் தரும்படி அதற்குரியவரிடம் கேட்டல். எனவே முறையீட்டுக்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும். கேட்பவர் இல்லாத இடத்தில் அது வெறும் புலம்பலாக நின்றுவிடும்.

திருவாரூரில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்த கதையை நாம் பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வந்திருக்கிறோம். தன் மகனையே தேர்க்காலிலிட்ட மன்னனின் நீதியை வியப்பதோடு அக்கதையை நாம் முடித்துக்கொள்கிறோம். அம்மணி அரண்மனை வாயிலில் தொங்கியது என்பதும், வாய்பேசாத உயிருக்கும் எட்டும்படி தொங்கியது என்பதும் அதே அளவு கருதத்தக்கவை. கண்ணகியும் வாயிலோனிடம் தன் வருகையை அறிவித்து அவையினுள் புகுந்தாள். அவள் கையில் சிலம்பு என்னும் சான்று இருந்தது. அதனை உடைத்துக் காட்ட அவளுக்கு ஓர் அவையும் கிடைத்தது. மணி எட்டும் உயரத்தில் இருத்தல், வாயில் திறத்தல், கேட்கக் கடமைப்பட்டவர் இருத்தல், சான்று ஏற்கப்படுதல் ஆகிய இந்நான்கும் இல்லாத இடத்தில் முறையீடு இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பணியிடங்களில் இவை ஒவ்வொன்றாகவே, அதுவும் மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தன.

பெயரற்ற துன்பம்

‘பாலியல் துன்புறுத்தல்’ என்று இன்று நாம் தயக்கமின்றி எழுதும் தொடர் தமிழில் அண்மைக்காலத்தது. அது எந்த ஆங்கிலத் தொடரை ஒட்டி அமைந்ததோ அந்த ஆங்கிலத் தொடரும் பழமையானதன்று. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து இத்தாக்கா நகரில், 1975ஆம் ஆண்டளவில், அது பரவலான வழக்குக்கு வந்தது.

அங்குள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் எட்டாண்டுகள் பணியாற்றியவர் கார்மிட்டா வுட் என்னும் பெண்மணி. உயர்நிலையில் இருந்த ஒருவரின் தொடர்ந்த அத்துமீறலைத் தாங்க இயலாமல் அவர் வேலையை விட்டார். வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, வேலையை விட்டதற்கான காரணத்தைப் படிவத்தில் நிரப்ப வேண்டியிருந்தது. நடந்ததைச் சொல்ல அவரிடம் சொல் இல்லை. கடைசியில் அவர் கூறியது ‘சொந்தக் காரணம்’ என்பதே. உதவித்தொகை மறுக்கப்பட்டது. சொந்தக் காரணத்துக்காக வேலையை விடுபவருக்கு அரசு ஏன் உதவ வேண்டும்?

வுட் அத்துடன் நிற்கவில்லை. அப்பல்கலைக்கழகத்தில் பெண்களும் உழைப்பும் குறித்துப் பாடம் நடத்திவந்த லின் ஃபார்லியையும் அவருடைய தோழியரையும் நாடினார். பேசத் தொடங்கியபோது, அங்கிருந்த பெண்கள் பலருக்கும் அதே போன்ற அனுபவம் இருந்தமை தெரியவந்தது. அதற்கு என்ன பெயரிடுவது என்று அவர்கள் கூடி ஆராய்ந்து, வெளிப்படையான கொடுமையையும் நுட்பமான தொல்லையையும் ஒருங்கே தழுவும் ஒரு தொடரைத் தேர்ந்தனர். 1975 மே மாதத்தில் அந்நகரில் பெண்கள் பொது அரங்கில் தம் அனுபவங்களை எடுத்துரைத்தனர். 1986இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், இத்தகைய துன்புறுத்தலும் பால் அடிப்படையிலான பாகுபாடே என்று ஏற்றுக்கொண்டது.

பாகுபாடு என்ற அந்த ஒரு சொல் இங்கு இன்றியமையாதது. துன்புறுத்தல் என்பது ஒருவரின் கெட்ட நடத்தை மட்டுமாக இருந்திருந்தால் அது ஒழுக்கப் பிரச்சினையாகவே நின்றிருக்கும். ஒரு பெண், பெண்ணாக இருப்பதாலேயே, ஆணுக்கு இல்லாத ஒரு விலையைத் தன் ஊதியத்துக்காகக் கொடுக்க நேர்கிறது என்று கண்டவுடன் அது சமத்துவப் பிரச்சினை ஆயிற்று. இந்தியாவில் இவ்விரு கண்ணோட்டங்களும் தனித்தனிப் பாதைகளில் வந்து, பின்னர் ஓரிடத்தில் கூடின. முதலில் வந்தது பாகுபாட்டுக்கு எதிரான வழக்கு.

விதியே வேற்றுமை செய்தபோது

குடகு நாட்டு விராஜ்பேட்டையில் 1924இல் பிறந்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர் சி.பி. முத்தம்மா. இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணி. பணியில் சேர்ந்தபோதே, திருமணம் செய்துகொண்டால் பதவி விலகுவேன் என்று அவர் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. 1961ஆம் ஆண்டின் பணிவிதிகள் இதனைச் சட்ட வடிவிலேயே நிறுத்தின. அப்பணியிலுள்ள பெண் திருமணத்துக்கு முன் அரசின் எழுத்துவழி இசைவைப் பெறவேண்டும். திருமணத்துக்குப் பின் குடும்பப் பொறுப்புகள் பணிக்கு இடையூறு என அரசு கருதினால் அவர் விலகுமாறு கேட்கப்படலாம். மணமான பெண் அப்பணியில் அமர்த்தப்படுவதை உரிமையாகக் கோர இயலாது. ஆண்களுக்கு இத்தகைய விதி எதுவுமில்லை. அரசியலமைப்பின் 16ஆம் உறுப்பு, அரசு வேலையில் பால் வேறுபாடு கூடாது என்று 1950 முதலே கூறிவந்தது என்பதை ஈண்டு நினைவிற்கொள்ள வேண்டும்.

தூதராக உயர்ந்த பின்னும் அடுத்த படிநிலைக்கான பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்சநீதிமன்றம் சென்றார். வழக்கு நிலுவையில் இருந்தபோதே அரசு அவருக்குப் பதவி உயர்வு அளித்தது. குறிப்பிட்ட விதிகளை நீக்கிவிட்டதாக அல்லது நீக்கவிருப்பதாகவும் தெரிவித்தது. ஆகவே 1979 செப்டம்பரில் மனு தள்ளுபடியாயிற்று. எனினும் தீர்ப்பை எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் பிரச்சினையை அத்துடன் விடவில்லை. குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறாகும் என்றால் அது ஆண் அதிகாரிக்கும் பொருந்துமே என்று அவர் எழுப்பிய எளிய கேள்விக்கு அவ்விதிகளிடம் விடை இருக்கவில்லை. பணிவிதிகள் முழுவதையும் மறுஆய்வு செய்யுமாறு அரசை அவர் வலியுறுத்தினார்.

ஈராண்டுகளுக்குப் பின், 1981இல், ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களின் வழக்கில் தீர்ப்பு வந்தது. அவர்கள் 35 வயதிலோ, பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் மணம் செய்தாலோ, முதல் முறை கருவுற்றாலோ, இவற்றுள் எது முதலில் நேர்கிறதோ அப்போது ஓய்வு பெறவேண்டும் என்பது விதி. கருவுற்றால் வேலை போகும் என்பதை நீதிமன்றம் நீக்கியது. ஓய்வு வயதைத் தன் விருப்பப்படி நீட்டிக்க மேலாண் இயக்குநருக்கு இருந்த அதிகாரத்தையும் நீக்கியது. நான்காண்டுத் திருமணத் தடையை மட்டும் நியாயமானது என்று விட்டுவைத்தது. பாதி திறந்த கதவு என்று அத்தீர்ப்பைக் குறிப்பிடலாம்.

இவ்வழக்குகளில் ஒன்று தெளிவாகப் புலப்படுகிறது. அநீதி எழுத்தில் இருந்தது. விதியின் எண்ணைச் சுட்டி வழக்காடும் வாய்ப்பு இருந்தது. விதியில் எழுதப்படாமல், மூடிய அறையிலும் விருந்துக்கூடத்திலும் நிகழ்ந்த அவமதிப்புக்கு எந்த எண்ணைச் சுட்டுவது?

1988: இரண்டு முறையீடுகள்

1988ஆம் ஆண்டின் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நிகழ்ந்த இரு சம்பவங்கள் இக்கேள்வியை முன்வைத்தன.

முதலாவது சண்டிகரில் நிகழ்ந்தது. பஞ்சாப் அரசின் இந்திய ஆட்சிப்பணி அதிகாரியான ரூபன் தியோல் பஜாஜ், ஜூலை 18 அன்று நடந்த விருந்தொன்றில் மாநிலக் காவல்துறைத் தலைவர் கே.பி.எஸ். கில் தம்மிடம் உடல்ரீதியாக அத்துமீறியதாகக் காவல்துறையில் புகார் அளித்தார். காவல்துறைத் தலைவர்மீது காவல்துறையிடமே புகார்! 1989இல் உயர்நீதிமன்றம் முதல் தகவல் அறிக்கையை நீக்கியது. 1995இல் உச்சநீதிமன்றம் அதை மீட்டது. ஒரு பெண்ணின் கண்ணியத்துக்கு ஊறு நேர்ந்த இடத்தில், நேர்ந்தது அற்பமான தீங்கு என்னும் வாதம் செல்லாது என்றது. 1996இல் விசாரணை நீதிமன்றம் கில்லைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. 2005இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. விருந்து நடந்த நாளிலிருந்து பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆட்சிப்பணி அதிகாரி ஒருவருக்கே இத்தனை ஆண்டுகள் எனில் மற்றவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது தில்லியில் நிகழ்ந்தது. ஆயத்த ஆடை ஏற்றுமதி ஊக்குவிப்புக் கழகத்தில் எழுத்தராகவும் தட்டச்சராகவும் பணியாற்றிய பெண் ஒருவர், ஆகஸ்ட் 12 அன்று, கழகத் தலைவரின் தனிச்செயலரால் விடுதி ஒன்றின் வணிகக் கூடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். சொல்வதைக் கேட்டு எழுத வேண்டும் என்பது காரணமாகக் கூறப்பட்டது. அப்பெண் அதில் பயிற்சி பெற்றவர் அல்லர். அங்கு அத்துமீற முயன்ற அவரைத் தடுத்து விலகிய அப்பெண், சில நாள்களுக்குள் நிருவாகத்திடம் முறையிட்டார். அலுவலக விசாரணை நடந்தது. 1989 ஜூனில் அவ்வதிகாரி பணிநீக்கம் செய்யப்பட்டார்.

முறையீடு வென்றது என்று நாம் நினைக்கலாம். ஆனால் உயர்நீதிமன்றம், அவர் அத்துமீற முயன்றாரே அன்றி உண்மையில் அத்துமீறவில்லை என்று கூறிப் பணிநீக்கத்தை விலக்கியது. தொடுதல் நிகழாதவரை தீங்கு நிகழவில்லை என்பது அத்தீர்ப்பின் உட்பொருள். 1999 ஜனவரி 20 அன்று உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. உடலைத் தொட்டாரா என்பதையே அளவுகோலாக்கி, அகராதிப் பொருளைக் கொண்டு இத்தகைய வழக்குகளை முடிவு செய்தல் ஆகாது என்றும், தன் மேலதிகாரியிடமிருந்து விரும்பத்தகாத நடத்தையை ஒரு பெண் எதிர்கொள்ள நேர்வதே அவரது சமத்துவத்துக்கும் கண்ணியத்துக்கும் எதிரானது என்றும் அது கொண்டது. 1999இல் உச்சநீதிமன்றம் இவ்வளவு உறுதியாகப் பேச முடிந்ததற்குக் காரணம், இடையில் ராஜஸ்தானத்துக் கிராமம் ஒன்றில் தொடங்கிய வழக்கு.

பட்டேரி

ஜெய்ப்பூரிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பட்டேரி. அவ்வூரின் குயவர் குலத்துப் பெண்ணான பன்வாரி தேவி, 1985 முதல் ராஜஸ்தான் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’ ஆகப் பணியாற்றினார். சாத்தின் என்றால் தோழி. நிலம், குடிநீர், கூலி, கல்வி ஆகியவை பற்றி ஊராரிடம் பேசுவதும் குழந்தைத் திருமணத்தைத் தடுப்பதும் அப்பணியின் பகுதிகள். 1992ஆம் ஆண்டு ராஜஸ்தான் அரசு குழந்தைத் திருமண எதிர்ப்பில் முனைந்தபோது, ஊரின் செல்வாக்குமிக்க குடும்பமொன்றில் ஓராண்டும் நிறையாத பெண்குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்க அவர் முயன்றார். காவலர் வந்தனர், ஆனால் திருமணம் நின்றபாடில்லை. பழி பன்வாரியின்மேல் விழுந்தது. ஊர் அவர் குடும்பத்தை ஒதுக்கிவைத்தது. 1992 செப்டம்பர் 22 அன்று, கணவருடன் வயலில் வேலை செய்துகொண்டிருந்த அவரை ஐவர் தாக்கி வன்கொடுமைக்கு உள்ளாக்கினர்.

அதன்பின் நிகழ்ந்தவற்றில்தான் முறையீட்டின் வரலாறு தங்கியிருக்கிறது. காவல்நிலையம் ஐயுற்றது. உள்ளூர்ச் சுகாதார நிலையம் உரிய பரிசோதனையைச் செய்யாது ஜெய்ப்பூருக்கு அனுப்பியது. ஜெய்ப்பூர் மருத்துவமனையோ நடுவரின் ஆணையைக் கேட்டது. உடனடியாகச் செய்யப்பட்டிருக்க வேண்டிய பரிசோதனை, இரண்டு நாள்களுக்கும் மேலாகக் கழிந்த பின்னரே நடந்தது. சான்றுக்காக அவரது பாவாடையைக் காவல்நிலையத்தில் வாங்கிவைத்துக்கொள்ள, கணவரின் தலைப்பாகைத் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் வீடு திரும்பினார். 1995 நவம்பரில் கீழ்நீதிமன்றம் வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து ஐவரையும் விடுவித்தது. மேல்சாதியைச் சேர்ந்தோர் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தீண்டமாட்டார் என்பது போன்ற ஊகங்களும் அத்தீர்ப்பில் இடம்பெற்றன. தீண்டாமையே குற்றமற்றமைக்குச் சான்றாக நின்ற விந்தையை நாம் எப்படி விளங்கிக்கொள்வது?

பன்வாரி தேவி அரசு வேலையைச் செய்ததால்தான் தாக்கப்பட்டார். ஆனால் அரசு, தாக்குதல் அவரது வயலில் நடந்த குற்றம், அதில் வேலையளித்தவர்க்குப் பொறுப்பில்லை என்ற நிலையிலேயே நின்றது. இங்கும் அதே பழைய திரை: அது அவருடைய சொந்த விவகாரம்.

விசாகா தீர்ப்பு, 1997

அத்திரையை விலக்கியவர்கள் மகளிர் அமைப்பினர். ஜெய்ப்பூரின் விசாகா முதலிய அமைப்புகள் 1992இலேயே உச்சநீதிமன்றத்தில் பொதுநல மனுவைத் தாக்கல் செய்தன. ஐவரைத் தண்டிக்குமாறு அவர்கள் கேட்கவில்லை. அது வேறு வழக்கு. வேலைக்குச் செல்லும் பெண்ணின் பாதுகாப்புக்கு அவரைப் பணியில் அமர்த்தியவர் பொறுப்பா, இல்லையா என்பதே அவர்கள் கேட்டது. 1997 ஆகஸ்ட் 13 அன்று தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா, சுஜாதா மனோகர், பி.என். கிர்பால் ஆகிய மூவர் அமர்வு விடை கூறியது.

பணியிடத் துன்புறுத்தல், அரசியலமைப்பின் 14, 15, 21ஆம் உறுப்புகளையும், விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமையைத் தரும் 19(1)(எ) உறுப்பையும் மீறுவதாகும் என்றது நீதிமன்றம். உள்நாட்டுச் சட்டம் இல்லாத நிலையில், 1993இல் இந்தியா ஏற்றுறுதி செய்திருந்த, பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையைத் துணைக்கொண்டது. சட்டம் இயற்றப்படும்வரை நடைமுறையில் இருக்குமாறு நெறிமுறைகளை வகுத்தது. பெண் தலைமையில், பாதிக்குக் குறையாத பெண் உறுப்பினர்களுடன், வெளியமைப்பைச் சேர்ந்த ஒருவரையும் கொண்ட புகார்க்குழு ஒவ்வொரு பணியிடத்திலும் அமைய வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. மணி அரண்மனை வாயிலிலிருந்து அலுவலகத் தாழ்வாரத்துக்கு இடம் மாறியது.

இத்தீர்ப்புக்குக் காரணமான பெண்ணின் மேல்முறையீடு மட்டும் பல்லாண்டுகள் ஆகியும் முடிவு காணாமல் கிடந்தது. அவர் வழக்கால் கோடிக்கணக்கான பெண்களுக்குக் கிடைத்த நீதி, அவருக்குக் கிடைக்கவில்லை. இந்த முரணை மறைத்துவிட்டு விசாகா தீர்ப்பைக் கொண்டாடுவது நேர்மையாகாது.

சட்டத்தைப் பின்னோக்கிப் படித்தல்

இடைக்கால நெறிமுறைகள் பதினாறு ஆண்டுகள் நீடித்தன. 2012 அக்டோபரில், மேதா கோட்வால் லேலே தொடுத்த வழக்கில், நெறிமுறைகள் பெயரளவிலேயே உள்ளன என்று கண்ட உச்சநீதிமன்றம் மேலும் ஆணைகளைப் பிறப்பித்தது. பணியிடத்தில் பெண்களுக்கெதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013 ஏப்ரலில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, அவ்வாண்டு டிசம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. முறையிட நினைப்பவர் இச்சட்டத்தை அறிந்திருத்தல் வேண்டும். மேலே கண்ட வரலாற்றோடு இணைத்துப் படித்தால் அது மனத்தில் எளிதில் பதியும்.

எது துன்புறுத்தல்? உடல் தொடுகை அல்லது அதற்கான முயற்சி, பாலுறவுக்கு இணங்குமாறு கேட்டல், பாலியல் சாயலுடைய பேச்சு, ஆபாசப் படங்களைக் காட்டல், சொல்லாலோ செயலாலோ குறிப்பாலோ அமைந்த பாலியல் தன்மையுள்ள பிற நடத்தை ஆகிய ஐந்தைச் சட்டம் சுட்டுகிறது. அவை விரும்பத்தகாதவையாக இருத்தலே அளவுகோல். இணங்கினால் உயர்வு, மறுத்தால் கேடு என்னும் குறிப்பும், பணிச்சூழலை அச்சமூட்டுவதாக ஆக்குதலும் இதனுள் அடங்கும். ‘தொடவில்லையே’ என்பது விடையாகாது. ஏற்றுமதிக் கழகத்துத் தட்டச்சரின் வழக்கு அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.

எது பணியிடம்? அலுவலகக் கட்டடம் மட்டுமன்று. பணியின் பொருட்டுச் செல்லும் இடங்களும், வேலையளிப்பவர் தரும் வாகனமும், வீட்டுவேலை செய்பவர்க்கு அந்த வீடும் பணியிடமே. பட்டேரியின் வயலை நினைத்துக்கொண்டால் இவ்விரிவின் தேவை விளங்கும்.

யாரிடம் முறையிடுவது? பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் ஒவ்வோரிடத்திலும் உள்ளகக் குழு இருத்தல் வேண்டும். அதன் தலைவர் மூத்த பெண் பணியாளர், உறுப்பினருள் பாதிக்குக் குறையாதோர் பெண்கள், ஒருவர் வெளியாள். அமைக்கத் தவறும் நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தில் வேலை செய்வோரும், வீட்டுவேலை செய்வோரும், முதலாளிமீதே புகார் உடையோரும் மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர்க் குழுவை அணுகலாம். காவல்துறைத் தலைவர்மீது காவல்துறையிடமே முறையிட நேர்ந்த 1988ஆம் ஆண்டு நிலைக்கு இது ஒரு மாற்று. நடுவண் அரசின் ‘ஷீ-பாக்ஸ்’ இணையவழியிலும் புகாரைப் பதியலாம்.

எவ்வாறு முறையிடுவது? புகார் எழுத்தில் இருத்தல் வேண்டும். எழுத இயலாதவர்க்கு எழுதித் தருவதற்கான உதவியைக் குழு செய்தாக வேண்டும். நிகழ்ந்த நாளிலிருந்து, தொடர் நிகழ்வாயின் கடைசி நிகழ்விலிருந்து, மூன்று மாதங்களுக்குள் அளிக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருப்பின் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். நாள், நேரம், இடம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தோர் ஆகியவற்றை நினைவு மங்கும் முன் எழுதிவைத்தல் நன்று. குறுஞ்செய்திகளையும் மின்னஞ்சல்களையும் அழிக்காது காத்தல் வேண்டும். கண்ணகிக்குச் சிலம்பு போல் இன்றைய முறையீட்டுக்கு இவை. புகாரின் படியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் நாளையும் அதில் வாங்கிக்கொள்வது நலம்.

விசாரணை தொண்ணூறு நாள்களில் முடிதல் வேண்டும். முடிந்த பத்து நாளில் அறிக்கை இருதரப்புக்கும் தரப்படும். அதன்மீது அறுபது நாளில் நிருவாகம் செயற்பட வேண்டும். விசாரணைக் காலத்தில் தம்மையோ எதிர்த்தரப்பினரையோ இடம் மாற்றும்படியும், மூன்று மாதம் வரை விடுப்புத் தரும்படியும், தம் பணிமதிப்பீட்டை அவர் எழுதாதபடி தடுக்கும்படியும் முறையிட்டவர் கேட்கலாம். சமரசம் என்பது அவரே விரும்பிக் கேட்டாலன்றி இல்லை. அதுவும் பணத்தின் அடிப்படையில் ஆகாது. பெயர்களையும் விவரங்களையும் வெளியிடுதல் குற்றம். மெய்ப்பிக்க முடியாமற்போனமை ஒன்றாலேயே புகார் பொய்யாகிவிடாது என்பதையும் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. முடிவில் குறையிருப்பின் தொண்ணூறு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இவையனைத்துக்கும் இணையாகக் காவல்துறையிலும் புகார் அளிக்கலாம். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவு இதற்குரியது. அவர் விரும்பினால் அதற்கு உதவுவதும் நிறுவனத்தின் கடமையே.

பாலியல் சாராத பாகுபாட்டுக்கும் தனித்தனி வாயில்கள் உள்ளன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர்மீதான சாதி இழிவுக்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் குறைதீர்க்கும் அலுவலர் இருத்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் அலுவலர் இருத்தல் வேண்டும். பல்வேறு காலத்தில் பல்வேறு போராட்டங்களால் திறந்த வாயில்களாதலின் இவை ஒரே வரிசையில் இல்லை. தமக்குரியது எது என்று அறிவதே முறையிடுவோரின் முதல் வேலையாகி விடுகிறது.

திண்டுக்கல்

சட்டம் வந்து ஏழாண்டுகளுக்குப் பின், 2021 ஜனவரியில், திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலையொன்றில் பணியாற்றிய இருபது வயது தலித் பெண் கொலையுண்டார். ஆலையின் மேற்பார்வையாளர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அவரது துன்புறுத்தல் அதற்கு முன்பே தொடர்ந்து நிகழ்ந்ததாக உடன் பணியாற்றியோரும் தொழிற்சங்கத்தினரும் கூறினர். சட்டப்படியான குழு என்பது வேறு, அச்சமின்றி அதன் கதவைத் தட்ட முடிவது வேறு என்னும் கசப்பான உண்மையை அது எடுத்துக்காட்டிற்று.

பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆசியத் தளக் கூலிக் கூட்டணி முதலிய அமைப்புகளோடு சேர்ந்து, ஆலையின் உரிமையாளரான நிறுவனத்துடன் 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தத்தைச் செய்தது. அங்கிருந்து ஆடைகளை வாங்கிய பன்னாட்டு நிறுவனங்களும் தனித்தனியே அதற்குக் கட்டுப்பட்டன. திண்டுக்கல் ஒப்பந்தம் எனப்படும் அது பாலினக் கொடுமையோடு சாதிக் கொடுமையையும் சேர்த்தே பேசியது. உற்பத்திக் கூடத்திலேயே பணியாற்றும் தொழிலாளரைக் கண்காணிப்பாளராகப் பயிற்றுவித்தது. புகார் அளிப்பவரைப் பழிவாங்குவதற்குத் தடை விதித்தது. பக்கத்துத் தையல் இயந்திரத்தில் அமர்ந்திருப்பவரிடமே முதலில் சொல்லலாம் என்னும் ஏற்பாடு, மணியைக் கை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவரும் முயற்சியே.

எஞ்சியிருக்கும் வேலை சிறிதன்று. 2023 மே மாதத்தில் உச்சநீதிமன்றம், சட்டம் வந்து பத்தாண்டுகளாகியும் அதன் செயலாக்கத்தில் பெருங்குறைகள் இருப்பதைக் கடிந்து, எல்லாத் துறைகளிலும் குழுக்கள் அமைந்துள்ளனவா என்று சரிபார்க்கச் சொன்னது. 2024 டிசம்பரில், ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட அலுவலரை அமர்த்துமாறு மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.

நம் கல்லூரிகளிலும் பதிப்பகங்களிலும் இதழ் அலுவலகங்களிலும் இக்குழு உள்ளதா, அதன் உறுப்பினர் பெயர்கள் எல்லோரும் காணும் இடத்தில் எழுதப்பட்டுள்ளனவா என்று இலக்கிய அன்பர்களாகிய நாமும் ஒருமுறை பார்க்கலாம். அப்பெயர்ப்பலகையை வைப்பது சட்டப்படியான கடமை. வைக்கப்படவில்லையே என்று கேட்பதற்குப் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை ‘சொந்தக் காரணங்களால்’ என்னும் கடிதம் ஒன்று நம் மேசைக்கு வருமாயின், கையொப்பமிடும் முன் அவரைத் தனியே அமரவைத்து, காரணம் உண்மையிலேயே சொந்தமானதுதானா என்று ஒருமுறை கேட்போம்.